பொந்துள்ள மரத்தை வெட்டும் முன்: மொரிஷியஸ் தமிழ்க் கோவில் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கோவில் சங்கத் தலைவர்களுக்கும், செயலாளர்களுக்கும், நிர்வாகக் குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சவான் மாவட்டத்தில் வசித்துக்கொண்டு, காவடிக்கும் தீமிதிக்கும் உங்கள் கோவில்களுக்கு வந்துபோகும் ஒருவன் இந்த மடலை எழுதுகிறேன். கோவில் வளாகத்திலோ, கோவிலுக்குச் சொந்தமான மேட்டு நிலத்திலோ நிற்கும் முதிய மரம் ஒன்றில் பொந்து விழுந்திருந்தால், அதை ‘உளுத்த மரம்’ என்று தீர்மானித்து வெட்டிவிட்டு, ஈடாகப் பத்து மரக்கன்றுகளை நட்டு நான்கு கூட்டுப் பெட்டிகளையும் தொங்கவிடுவது இப்போது ஒரு வழக்கமாகி வருகிறது. இதைச் செய்கிறவர்களின் நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் பொந்தில் கூடு வைக்கும் பறவை எதைப் பார்த்து ஒரு பொந்தை ஏற்கிறது, எதைப் பார்த்து ஒதுக்குகிறது என்பதைச் சற்று அறிந்துகொண்டால், வெட்டிய மரத்துக்கு நாம் கொடுப்பதாக எண்ணும் ஈடு அந்தப் பறவையின் கணக்கில் ஈடாக ஏறுவதே இல்லை என்பது விளங்கும். அதை விளக்கி, வெட்டும் முடிவை எடுக்கும் முறையிலும் காலத்திலும் ஒரு மாற்றத்தைக் கேட்பதற்காகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எல்லாக் கோவில்களையும் இது ஒரே அளவில் தொடாது. ரோஸ் ஹில்லிலோ போர்ட் லூயியிலோ தெருவோரக் கோவிலின் வேப்பமரத்துப் பொந்தில் பெரும்பாலும் மைனாதான் குடியிருக்கும். அந்த மரத்தைக் காக்க நிழல் முதலான வேறு காரணங்கள் உண்டு, பறவையைக் காரணமாகக் காட்ட வேண்டியதில்லை. ஆனால் தென்மேற்கில் ப்ளாக் ரிவர் கோர்ஜஸ் தேசியப் பூங்காவின் விளிம்பை ஒட்டியும், கிழக்கில் பம்பூ மலைத்தொடரின் அடிவாரத்திலும் உள்ள கோவில்கள், உலகில் வேறெங்கும் இல்லாத இரண்டு பறவைகளின் அண்டை வீட்டார். ஒன்று 2022இல் நாட்டின் தேசியப் பறவையாக அறிவிக்கப்பட்ட மொரிஷியஸ் வல்லூறு. மற்றொன்று எக்கோ கிளி. இரண்டுமே குச்சி பொறுக்கிக் கூடு கட்டத் தெரியாதவை. பொந்து இருந்தால் இனப்பெருக்கம் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

பொந்து எப்படி உண்டாகிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் நம்மில் பலருக்கு இதில் இந்தியாவின் நினைவு குறுக்கே நிற்கிறது. தமிழ்நாட்டில் மரங்கொத்தியும் குக்குறுவானும் தாமே மரத்தைக் குடைந்து கூடு வைக்கின்றன; அவை விட்டுச் சென்ற பொந்துகளில் மைனா, கிளி, ஆந்தை என்று வேறு பறவைகள் குடியேறுகின்றன. ஆண்டுதோறும் புதிய பொந்துகளைத் தோண்டித் தருவதற்கு அங்கே ஆள் உண்டு. மொரிஷியஸில் மரங்கொத்தி கிடையாது, குக்குறுவானும் கிடையாது. எந்தக் காலத்திலும் இருந்ததாகத் தெரியவில்லை. இங்குள்ள ஒவ்வொரு மரப்பொந்தும் ஒரு காயத்தில் தொடங்கியது. சூறாவளி ஒரு கிளையை முறிக்கிறது. முறிந்த இடத்தில் மழைநீர் ஊறிப் பூஞ்சை இறங்குகிறது. வெளிமரம் உயிரோடு வளர்ந்துகொண்டே இருக்க, உள்மரம் மெல்ல மெல்ல மக்கிக் கரையான் தின்று வெறுமையாகிறது. இதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். மரம் அதற்கேற்ற பருமனை அடைவதற்கு ஆகும் காலத்தையும் சேர்த்தால், இன்று நடும் தக்கமாக்கா என்னும் உள்நாட்டு மரத்தின் கன்றில் கிளி குடியேறத்தக்க பொந்து உண்டாவதை இந்த மடலைப் படிக்கும் எவரும் பார்க்கப்போவதில்லை. நம் பேரப்பிள்ளைகள் பார்த்தால் அதிர்ஷ்டம்.

இது மொரிஷியஸுக்கு மட்டும் உரிய நிலையும் அல்ல. கிறிஸ்டினா காக்கிளும் அவருடைய சக ஆய்வாளர்களும் பல கண்டங்களின் காடுகளிலிருந்து விவரங்களைத் திரட்டி 2011இல் வெளியிட்ட ஆய்வு, தாமே குடையத் தெரியாத பறவைகள் பயன்படுத்தும் பொந்துகளில் வட அமெரிக்காவில் ஏறக்குறைய முக்கால் பங்கு மரங்கொத்திகளும் அவற்றைப் போன்றவையும் குடைந்தவை என்றும், தென் அமெரிக்காவிலும் ஐரோப்பா ஆசியாவிலும் அந்தப் பங்கு கால்வாசி அளவே என்றும், ஆஸ்திரேலியப் பகுதியில் அப்படி ஒன்றும் இல்லை என்றும் காட்டியது. வெப்பமண்டலக் காடுகள் பலவற்றில் பொந்துப் பறவைகளின் வாழ்வு முதிய மரத்தின் மக்கலை நம்பியே இருக்கிறது. உயிருள்ள மரத்தில் இயல்பாக உண்டான பொந்து, பட்டுப்போன மரத்தில் உள்ளதைவிட நெடுங்காலம் நிலைக்கும் என்பதும் இத்தகைய ஆய்வுகளில் தெரிய வந்தது. நாம் செய்வதோ நேர்மாறு: பொந்து விழுந்த, ஆனால் இன்னும் பச்சையாக நிற்கும் மரத்தைத்தான் ‘எப்போது விழுமோ’ என்று அஞ்சி முதலில் குறிவைக்கிறோம்.

பொந்து இருந்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. காட்டில் பத்துப் பொந்துகளைக் காட்டினாலும், பறவை எட்டு ஒன்பதைத் திரும்பிக்கூடப் பாராது. எக்கோ கிளியின் தேர்வை எடுத்துக்கொள்வோம். அது விரும்புவது தக்கமாக்கா, நாத், கொலோஃபான் போன்ற பெரிய உள்நாட்டு மரங்களை. பொந்து தரையிலிருந்து பத்து மீட்டருக்குக் குறையாத உயரத்தில் இருக்க வேண்டும். பெரும்பாலும் அடிமரத்தைவிடக் கிடையாகச் செல்லும் பருத்த கிளையில் இருப்பதையே அது தேர்கிறது. வாய் பத்திலிருந்து பதினைந்து சென்டிமீட்டர், உள்ளே இருபது சென்டிமீட்டர் அகலம், அரை மீட்டரோ அதற்கு மேலோ ஆழம். இந்த அளவுகள் எந்தத் தச்சனும் வரைந்து கொடுத்தவை அல்ல. இதைவிடத் தாழ்வாகவும் ஆழமின்றியும் உள்ள பொந்துகளில் பொரித்தவற்றின் குஞ்சுகள் பிழைக்காமல் போனதால் தலைமுறை தலைமுறையாக நிலைபெற்ற விருப்பம் இது.

பெண் கிளி பொந்து பார்க்கும் முறையை அருகிலிருந்து கண்டவர்களுக்கு அது எவ்வளவு கண்டிப்பானது என்று தெரியும். பெண் பார்க்கப் போகும் மாப்பிள்ளை வீட்டார்கூட இவ்வளவு துருவ மாட்டார்கள். ஆண் கிளிக்குச் சிவந்த அலகு, பெண்ணுக்குக் கறுத்த அலகு என்பதால் யார் பார்வையிடுகிறார்கள் என்பதைக் கீழிருந்தே சொல்லிவிடலாம். பொந்தின் விளிம்பில் கால் பதித்துத் தலையை மட்டும் உள்ளே நீட்டுகிறது, பின்னுக்கு வாங்கிச் சுற்றிலும் பார்க்கிறது, மீண்டும் நீட்டுகிறது. பிறகு அலகால் விளிம்பைக் கடித்துத் துப்புகிறது. அந்தக் கடியில் மரம் எவ்வளவு உறுதி என்பதும் தெரிந்துவிடும். உள்ளே போய்ச் சுவரைக் கடித்தால் விழும் மரத்தூளே முட்டைக்கு மெத்தையும் ஆகிவிடும். ஆண் பக்கத்துக் கிளையில் காவலிருக்கிறது. இந்தப் பார்வையிடல் ஒரே நாளில் முடிவதில்லை. பார்த்த பொந்தை விட்டுவிட்டு வேறொன்றைத் தேடிப் போவதும், சில நாள் கழித்து முதலாவதற்கே திரும்புவதும் உண்டு.

எதற்காக இத்தனை ஆராய்ச்சி? உயரம் தேவைப்படுவது குரங்குக்கும் பூனைக்கும் அஞ்சி. நாம் காடுகளில் காணும் நீள்வால் குரங்கு இந்தத் தீவுக்கு உரியதல்ல. பதினேழாம் நூற்றாண்டிலேயே வந்து சேர்ந்து இன்று காடெங்கும் பரவிவிட்டது. அதன் கை பொந்துக்குள் முழங்கை வரை போகும். எட்டாத ஆழம் வேண்டியிருப்பது அதனால்தான். கப்பல்களில் வந்த கறுப்பு எலிக்கோ உயரமும் பொருட்டல்ல, ஆழமும் பொருட்டல்ல. பக்கத்து மரத்தின் கிளை தொட்டுக்கொண்டிருந்தால் அதன் வழியாகவே வந்துவிடும். தனித்து நிற்கும் மரம், மற்ற மரங்களின் தலைக்கு மேலெழும் மரம் ஆகியவற்றின் மதிப்பு இங்கேதான். வாய் குறுகலாக இருந்தால் பெரிய எதிரி நுழையாது. ஆனால் மிகக் குறுகினால் தானும் நுழைய முடியாது. ஆழம் கூடினால் எதிரியிடமிருந்து காப்பு, ஆனால் அளவு கடந்தால் வளர்ந்த குஞ்சு ஏறி வெளியே வரத் திணறும். மேல்நோக்கி வாய் திறந்திருந்தால் அது தொட்டியாகிவிடும்: ஒரு பெருமழையில் முட்டையும் குஞ்சும் நீரில் மூழ்கும். ஆண்டுக்கு நான்கு மீட்டர் வரை மழை பெய்யும் மேட்டுக் காடுகளைக் கொண்ட நாட்டில், உலர்ந்த பொந்து என்பது அரிதினும் அரிது. கிளிகளைக் காக்கும் பணியாளர்கள் இயற்கைப் பொந்துகளுக்கே வடிகால் துளையிட்டும், வாயின் மேல் சிறு கூரை வைத்தும், அளவு மீறிய ஆழத்தை மண்ணிட்டு நிரப்பியும் சீர்செய்ய வேண்டியிருந்தது. பறவையின் பட்டியலில் உள்ள எல்லா நிபந்தனைகளையும் நிறைவேற்றும் பொந்து, நல்ல நிலையில் உள்ள இயற்கைக் காடு இரண்டு விழுக்காட்டுக்கும் குறைவாகச் சுருங்கிவிட்ட இந்தத் தீவில், எத்தனை இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

வல்லூறின் கதை வேறொரு பாடத்தைச் சொல்கிறது. மலேரியாவை ஒழிக்கவும் பயிரைக் காக்கவும் தெளித்த டி.டி.டி. முதலான மருந்துகள், காடு அழிவு, வெளியிலிருந்து வந்த விலங்குகள் ஆகியவற்றின் கூட்டு விளைவாக, 1974இல் காட்டில் வாழ்வதாக அறியப்பட்ட மொரிஷியஸ் வல்லூறுகள் நான்கே. இதில் கோழி பிடிக்கும் பறவை என்று பெயர் சூட்டிச் சுட்டவர்களின் பங்கும் உண்டு. உண்மையில் அதன் முதன்மை உணவு மரங்களில் ஓடும் பச்சைப் பல்லிகள்தான். அந்தப் பருவங்களில் மரப்பொந்துகளில் வைத்த முட்டைகளைக் குரங்குகள் எடுத்துக்கொண்டிருந்தன. அப்போது ஓர் இணை மரத்தை விட்டுக் குரங்கு ஏற முடியாத செங்குத்துப் பாறையின் குழியில் முட்டையிட்டுக் குஞ்சுகளை வளர்த்தெடுத்தது. அங்கே பிறந்தவை வளர்ந்து தாமும் பாறைக் குழிகளையே நாடின. பாறையில் கூடு வைக்கும் பழக்கம் அப்படித்தான் பரவியது என்பது, அக்காலத்தில் இந்தப் பறவையை ஆராய்ந்த ஸ்டான்லி டெம்பிளின் விளக்கம்.

இந்த விளக்கத்தின் உட்பொருள் நம் விவாதத்துக்கு முக்கியமானது. பறவை பொந்தைக் கண்ணால் அளந்து மட்டும் தேர்வதில்லை. தான் எப்படிப்பட்ட இடத்தில் கண் திறந்ததோ அப்படிப்பட்ட இடத்தைத் தேடுகிறது. குஞ்சு பிழைத்து வெளியேறிய பொந்துக்கு இணை மறு ஆண்டும் வருகிறது; பறிகொடுத்த பொந்தை விட்டு விலகுகிறது. எக்கோ கிளியின் சில பொந்துகள் பல ஆண்டுகளாகத் தொடர்ந்து பயன்பட்டவை. ஆகவே ஒரு பழைய மரத்தை நாம் வெட்டும்போது, அந்த ஆண்டின் கூட்டை மட்டும் எடுத்துவிடவில்லை. ‘இங்கே வைத்தால் பிழைக்கும்’ என்று ஓர் இணை பல பருவங்களில் அறிந்துகொண்டதையும் சேர்த்தே வெட்டிவிடுகிறோம். பக்கத்தில் அதே அளவில் ஒரு பொந்து இருந்தாலும், அது அவற்றுக்கு முன்பின் தெரியாத இடம்தான்.

‘அப்படியானால் பெட்டி வைத்து இவ்விரு பறவைகளையும் மீட்டதாகச் சொல்கிறார்களே’ என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். 1979இல் இங்கு வந்த பறவைப் பாதுகாப்பு அறிஞர் கார்ல் ஜோன்ஸின் வழிகாட்டலில் கூண்டில் வளர்த்து விடப்பட்ட வல்லூறுகள் முந்நூறுக்கு மேல். அவற்றில் பல பெட்டிகளில் கூடு வைத்தன. 1980களில் பத்துப் பன்னிரண்டு என்ற எண்ணிக்கைக்கு இறங்கியிருந்த எக்கோ கிளி, 2019இல் 700ஐத் தாண்டியிருந்தது. இன்று அவற்றில் பெரும்பகுதி பெட்டிகளில்தான் பொரிக்கிறது. ஆனால் இது எப்படி நடந்தது என்பதைப் பார்க்க வேண்டும். காட்டிலேயே பிறந்து வளர்ந்த கிளிகள் தொடக்கத்தில் பெட்டிகளைச் சீண்டவில்லை. மனிதர் கையில் வளர்ந்து, பெட்டியைப் பழகி, பிறகு காட்டில் விடப்பட்ட கிளிகள்தான் முதலில் அவற்றில் குடியேறின. மற்றவை அவற்றைப் பார்த்துப் பின்பற்றின. அதோடும் வேலை முடியவில்லை. பெட்டி தொங்கும் மரத்தில் எலி ஏறாதபடி வழுவழுப்பான பிளாஸ்டிக் தகட்டை அடிமரத்தைச் சுற்றிப் பொருத்த வேண்டும். தொட்டுக்கொள்ளும் கிளைகளை அறுக்க வேண்டும். குஞ்சின் இரத்தத்தை உறிஞ்சிக் கொல்லும் கூட்டு ஈயின் புழுக்களைத் தடுக்க அடிப்பரப்பை மாற்றி மருந்திட வேண்டும். தேனீக்கள் குடியேறிய பெட்டியை மீட்க வேண்டும். மைனாவையும் கழுத்தில் வளையமிட்ட இந்தியக் கிளியையும் விரட்ட வேண்டும். பயிற்சி பெற்ற பணியாளர்கள் பருவம் முழுவதும் கயிற்றில் ஏறி இறங்கிச் செய்கிற வேலை இது. பெட்டி வென்றது என்று சொல்வதைவிட, பெட்டியைச் சுற்றிய ஓயாத உழைப்பு வென்றது என்று சொல்வதே சரி.

அந்த உழைப்பு இல்லாத இடத்தில் பெட்டி யாருக்குப் போகும் என்பதை எங்கள் பகுதிக் கோவில் ஒன்றில் கண்டேன். பெயர் வேண்டாம். கோவிலுக்குப் பின்புறம், காட்டின் சரிவு தொடங்கும் இடத்தில் நின்ற முதிய தக்கமாக்கா ஒன்றை நவம்பர் மாதத்தில், சூறாவளிக்கு முன் பத்திரப்படுத்துவதாகச் சொல்லி வெட்டினார்கள். கிடத்திய கிளையில் அழகான பொந்து. அதன் வாய் பல பருவங்களின் அலகுக் கடியால் வழுவழுப்பாகியிருந்தது. உள்ளே கையை விட்டுப் பார்த்த இளைஞர் ஒருவர் ஒரு பிடி மரத்தூளை எடுத்துக் காட்டினார். அந்தப் பருவத்தில் அங்கே முட்டை இருந்ததா என்று யாரும் பார்த்திருக்கவில்லை. கிளைகள் துண்டு போடப்பட்டுத் தீமிதிக் குழியின் விறகோடு சேர்ந்தன. குழிக்குச் சவுக்கு விறகு தாராளமாகக் கிடைக்கும் ஊரில் அதற்குத் தேவையே இருக்கவில்லை. பிறகு ஒட்டுப் பலகையில் செய்து பச்சைச் சாயம் பூசிய பெட்டிகள் மதில் சுவரை ஒட்டிய மாமரத்தில், ஆள் உயரத்துக்குச் சற்று மேலே, மதிய வெயில் நேராக விழும் பக்கத்தில் ஆணியடிக்கப்பட்டன. ஒன்றில் மைனா வைக்கோலையும் பிளாஸ்டிக் நூலையும் பூ அலங்காரத்தில் உதிர்ந்த காகிதத்தையும் அடைத்துக்கொண்டது. மற்றொன்றில் தேனீ. மூன்றாவதில் எலிப் புழுக்கை. நான்காவது முதல் பெருங்காற்றிலேயே விழுந்துவிட்டது.

மைனாவைப் பற்றி ஒரு வார்த்தை. பாண்டிச்சேரியிலிருந்து நம் முன்னோரில் சிலர் கைவினைஞராக இங்கு வந்த அதே பதினெட்டாம் நூற்றாண்டில், 1762இல், வெட்டுக்கிளியை ஒழிப்பதற்கென்று இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட பறவை அது. அதன்மேல் எனக்குக் கோபம் இல்லை. காலையில் அதன் குரல் இல்லாத முற்றத்தை என்னால் எண்ணிப் பார்க்க முடியாது. ஆனால் தாழ்வாகத் தொங்கவிட்ட ஒவ்வொரு பெட்டியும் மைனாவுக்குக் கூடுதலாக ஒரு வீடு. அங்கே பெருகும் மைனா அடுத்த ஆண்டு காட்டின் விளிம்பில் எஞ்சியிருக்கும் பொந்துக்குப் போட்டியாக வந்து நிற்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்த வளையக் கழுத்துக் கிளிக்கும் இது பொருந்தும். கோவில் மரத்தில் பச்சைக்கிளி வந்துவிட்டது என்று மகிழ்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டுகிறேன்: வால் மிக நீண்டு, நிறம் வெளிறிய பச்சையாக, குரல் கீச்சென்று உயர்ந்திருந்தால் அது இந்தியக் கிளி. எக்கோ கிளியின் உடல் சற்றுத் திரண்டது, வால் குட்டையானது, பச்சை அடர்ந்தது, குரல் தாழ்ந்தது.

இனி உங்கள் பக்கத்து நியாயத்துக்கு வருகிறேன். தைப்பூசத்தன்று ஆயிரக்கணக்கானோர் காவடி சுமந்து நடக்கும் பாதையில், உள்ளே வெறுமையான ஒரு பெருமரத்தின் கீழ் குழந்தைகள் நிற்பதை எந்த நிர்வாகக் குழுவும் கண்மூடி அனுமதிக்க முடியாது. 2024 ஜனவரியில் பெலால் சூறாவளி போர்ட் லூயியில் செய்ததைப் பார்த்தவர்களிடம் மரங்களைப் பற்றி அலட்சியமாக இருக்கச் சொல்ல எனக்கு வாய் வராது. மக்கள் நடமாட்டத்தின் மேல் சாய்ந்திருக்கும் மரமாக இருந்தால் வெட்டத்தான் வேண்டும். என் வேண்டுகோள் மற்ற மரங்களைப் பற்றியது, அவையே அதிகம்: பின்புறச் சரிவில், ஓடைக்கரையில், வாகனம் நிறுத்தும் திடலுக்கு அப்பால் நிற்பவை. இவற்றில் பொந்து இருப்பதே வெட்டுவதற்குப் போதிய காரணம் என்று எண்ண வேண்டாம். உள்ளே வெறுமையான மரமெல்லாம் வலுவிழந்த மரம் அல்ல. வெளிச்சுவர் தடிப்பாக இருந்தால் அது பல சூறாவளிகளைத் தாங்கும், ஏற்கெனவே தாங்கியும் இருக்கிறது. மரம் அறிந்த ஒருவரைக் கொண்டு சுவரின் தடிப்பைச் சோதித்த பிறகே முடிவெடுக்க வேண்டும்.

பாரத்தைக் குறைக்க வேண்டும் என்று முடிவானால், முழு மரத்தையும் அடியோடு சாய்ப்பதற்குப் பதிலாகத் தலைக்கிளைகளைக் கழித்து, பொந்துள்ள கிளையையும் அடிமரத்தையும் நிற்கவிடலாம். காற்று பிடிக்கும் இலைப்பரப்பு போய்விட்டால் விழும் அபாயமும் பெரிதும் குறைந்துவிடும். பார்வைக்கு அழகாக இராது என்று குழுவில் யாராவது சொல்வார்கள், சொல்லட்டும். அருகே உள்ள இளம் மரங்களின் கிளைகள் அதைத் தொடாமல் வெட்டிவிட்டால் எலிக்கும் வழி அடையும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது காலம். சூறாவளிப் பருவம் நவம்பர் தொடக்கத்திலிருந்து மே நடுப்பகுதி வரை என்பதால், சங்கங்கள் செப்டம்பர் முதல் நவம்பர் வரையிலான வாரங்களில் மரம் வெட்ட ஆள் தேடுகின்றன; தைப்பூசத்துக்கு முன் வளாகத்தைச் சுத்தம் செய்யும் வேலையும் அதோடு சேர்ந்துகொள்கிறது. துரதிர்ஷ்டவசமாக அந்த வாரங்களில்தான் பறவைகள் பொந்துக்குள் இருக்கின்றன. எக்கோ கிளி ஆகஸ்ட் செப்டம்பரில் முட்டையிடத் தொடங்குகிறது. மூன்று வாரத்துக்கு மேல் அடைகாத்து, பொரித்த குஞ்சு பறந்து வெளியேற இன்னும் இரண்டு மாதம் ஆகும். வல்லூறு செப்டம்பரில் தொடங்கி, ஏறக்குறைய முப்பது நாள் அடைகாத்து, ஐந்து வாரத்துக்கு மேல் குஞ்சை வளர்க்கிறது. மழை மிகுந்த ஆண்டுகளில் முட்டையிடுவதே தள்ளிப்போகும், அப்போது ஜனவரி பிப்ரவரி வரை பொந்தில் குஞ்சு இருக்கலாம். மே நடுவிலிருந்து ஜூலை முடியும் வரை உள்ள குளிர்காலத்தில் பொந்துகள் காலியாக இருக்கும், சூறாவளியும் இராது, கூலியாட்களும் எளிதில் கிடைப்பார்கள், மரத்தில் சாறு ஓட்டமும் குறைவு. வெட்ட வேண்டியதை அப்போது வெட்டினால் அடுத்த சூறாவளிக்கும் அது முன்னேற்பாடுதான்.

அந்தக் காலத்திலும் வெட்டுவதற்கு முன் ஒரு வாரம் காலையும் மாலையும் யாராவது கீழே நின்று பார்க்கட்டும். பெரிய கருவி தேவையில்லை. பொந்தின் விளிம்பு புதிதாகக் கடிக்கப்பட்டிருக்கிறதா, அடியில் மரத்தூள் உதிர்ந்திருக்கிறதா, பாறையிலும் கிளையிலும் வெண்ணிற எச்சக் கோடுகள் வழிந்திருக்கின்றனவா, மாலையில் ஓர் இணை அங்கே வந்து அமர்கிறதா என்று பார்த்தால் போதும். கோவில் தமிழ் வகுப்புப் பிள்ளைகளிடம் இந்த வேலையை ஒப்படைத்தால் நம்மைவிடக் கூர்மையாகச் செய்வார்கள். ஐயம் இருந்தால் தேசியப் பூங்கா மற்றும் இயற்கைப் பாதுகாப்புச் சேவையையோ, 1984 முதல் இந்தப் பறவைகளோடு உழைக்கும் மொரிஷியன் வைல்ட்லைஃப் ஃபவுண்டேஷனையோ கேட்கலாம். உள்நாட்டுக் காட்டுயிர்களையும் அவற்றின் கூடுகளையும் 2015ஆம் ஆண்டின் சட்டம் காக்கிறது என்பதையும், ஆற்றங்கரையிலும் மலைச்சரிவிலும் மரம் வெட்ட வனத்துறையின் அனுமதி வேண்டும் என்பதையும் செயலாளர்கள் அறிந்திருப்பீர்கள். ஆனாலும் பல இடங்களில் அனுமதி கேட்பது வெட்டிய பிறகுதான் நினைவுக்கு வருகிறது.

மரக்கன்று நடுவதைத் தடுக்க நான் இதை எழுதவில்லை. நடுங்கள், ஆனால் சீமைக் கொய்யாவையும் பூச்செடிகளையும் விட்டு, தக்கமாக்கா, நாத், கொலோஃபான் ஆகியவற்றை நடுங்கள், அவை வளர இடம் விட்டு நடுங்கள், மரம் நடும் விழா முடிந்த மறுநாளும் தண்ணீர் ஊற்றுங்கள். அந்த நடுகையை வெட்டிய மரத்தின் ஈடாகக் கணக்குப் புத்தகத்தில் எழுத வேண்டாம் என்பதே என் கோரிக்கை. பெட்டிகளைப் பொறுத்தவரை, பராமரிக்க ஆளும் பயிற்சியும் இல்லாத சங்கம் அவற்றைத் தொங்கவிடாமல் இருப்பது பறவைக்குச் செய்யும் உதவி. பணம் இருந்தால் அதைக் கொண்டு நிற்கும் மரத்தின் அடியில் எலித் தடுப்புத் தகடு பொருத்துவதற்குச் செலவிடலாம். நான்கு பெட்டிக்கு ஆகும் பலகையைவிட அதற்கு அதிகம் ஆகாது.

உங்கள் சங்கங்களில் பலவற்றின் ஆண்டுப் பொதுக்கூட்டம் நெருங்குகிறது. காட்டோரத்தில் நிலம் வைத்திருக்கும் சங்கங்கள் அக்கூட்டத்தில் இரண்டு தீர்மானங்களை முன்வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்: உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாத நிலையில் ஆகஸ்ட் முதல் பிப்ரவரி முடியப் பொந்துள்ள எந்த மரத்தையும் தொடுவதில்லை என்பது ஒன்று, கோவில் நிலத்தில் உள்ள பொந்து மரங்களை ஒரு நோட்டில் குறித்து, எந்த மரம், எந்தக் கிளை, எவ்வளவு உயரம், யார் கண்டது என்று எழுதி அடுத்த குழுவிடம் ஒப்படைப்பது மற்றொன்று. நிர்வாகக் குழு இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறுகிறது, புதிதாக வருகிறவர்களுக்கு எந்த மரத்தில் என்ன இருந்தது என்று தெரிவதில்லை, அதனால்தான் பாதி மரங்கள் போகின்றன. நோட்டு எழுத உதவி வேண்டுமானால், சவானிலும் கிராண்ட் போர்ட்டிலும் உள்ள கோவில்களுக்கு நானும் வேறு சில ஆர்வலர்களும் வரத் தயாராக இருக்கிறோம். ஜூலைக்குள் கூப்பிட்டால் பொந்துகள் காலியாக இருக்கும்போதே ஏறிப் பார்த்து அளந்துவிடலாம்.

இப்படிக்கு,
உங்கள் கோவில்களின் அன்பன் ஒருவன்,
சவான் மாவட்டம், மொரிஷியஸ்.